ரப்பர் வளையமும் பதினொரு மில்லிமீட்டரும்

கொண்டலாம்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. முக்கால்வாசி விசைத்தறி உதிரிகள். மீதி நேரத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் நாங்கள் சுடுகிற 50 மீட்டர் ரேஞ்சுக்கு டார்கெட் சட்டம், மேசை, ஸ்டாண்டு என்று ஏதாவது செய்து கொடுப்பேன். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது என் வேலை இல்லை. அதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் ‘இது ஏன் இப்படி ஆகிறது?’ என்கிற கேள்வி வந்தால் மட்டும் அது எப்படியோ என் பட்டறை வாசலுக்கு வந்துவிடும்.

இந்த முறை வந்தது ஒரு ரப்பர் வளையம்.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற ஒரு தம்பி அதை வாங்கி வந்திருந்தான். காளான் குடை மாதிரி ஓரம் விரிந்த கறுப்பு வளையம். என் தராசில் 75 கிராம் காட்டியது. ரைஃபிள் குழலில் மாட்டி வாய்ப்பக்கம் தள்ளி வைத்துவிட்டால், சுடும்போது குழலில் எழுகிற அதிர்வை அது உறிஞ்சிவிடுமாம், குண்டுகள் எல்லாம் நெருக்கமாக விழுமாம். அவன் கையில் இரண்டு டார்கெட் தாள். கிளப்பின் .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளில், மேசையில் மணல் மூட்டை வைத்து, வளையம் இல்லாமல் ஐந்து குண்டு, வளையம் போட்டு ஐந்து. ஐந்தும் எவ்வளவு அகலத்துக்குச் சிதறின என்று அளந்தும் எழுதியிருந்தான்.

“அண்ணா, வளையம் இல்லாம 26 மில்லி. போட்டதும் 15. பதினொரு மில்லி குறைஞ்சிருக்கு. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி தருகிற நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். அப்படிப்பட்ட விளையாட்டில் பதினொரு மில்லி என்பது சின்ன விஷயம் இல்லை. அடுத்த வாரத்துக்குள் கிளப்பில் நாலு பேர், “வெளியே வாங்குவானேன், நீங்களே அச்சு போட்டு வார்த்துக் குடுத்துடுங்களேன்” என்று கேட்டுவிட்டார்கள். ரப்பர் வார்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த எங்கள் கோச் சார்தான் தடுத்தார். “செய்யறது இருக்கட்டும். மொதல்ல அது என்ன செய்யுதுன்னு பாருங்க” என்றார்.

அப்படி ஆரம்பித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் முந்நூறுக்குப் பக்கமான தோட்டாக்களும் செலவாயின.

வெர்னியரில் இருந்தே தொடங்குவோம்

முதலில் செய்த காரியம் அந்த இரண்டு தாளையும் வாங்கி நானே அளந்ததுதான். பட்டறைக்காரன் புத்தி, யார் அளந்து சொன்னாலும் இன்னொரு முறை அளக்காமல் தூக்கம் வராது.

ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் தாளில் போட்ட ஓட்டைக் கூட்டத்தைத்தான் குரூப் என்போம். அதை அளப்பதில் ஒரு வழக்கம் உண்டு. மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். தாளில் ஓட்டையின் மையம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்துவிட்டு ஒரு குண்டின் விட்டத்தைக் கழித்துக்கொள்வோம். .22-க்கு 5.6 மி.மீ.

தம்பி முதல் தாளில் வெளி ஓரத்தை அளந்து அப்படியே எழுதியிருந்தான், 26. இரண்டாவது தாளை அளப்பதற்குள் யாரோ முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 5.6 கழித்து 15 என்று எழுதியிருந்தான். ஆக, முதல் குரூப் உண்மையில் 20.4. பதினொரு மில்லியில் பாதிக்கு மேல் வெர்னியரிலேயே போய்விட்டது. அவனிடம் சொன்னபோது காது சிவந்துபோயிற்று பாவம். என் பட்டறையில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது, விடு என்றேன்.

சரி, 20.4-லிருந்து 15. அதுவும் கால் பங்கு குறைவுதானே?

இங்கேதான் ஐந்து குண்டுக் குரூப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள், எதையும் மாற்றாமல் ஐந்தைந்தாகச் சுட்டுக்கொண்டே போனாலும் குரூப் அளவு நிலையாக நிற்காது. சிதறல் இயல்பாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், ஐந்து குண்டுக் குரூப்பின் திட்ட விலக்கம், அதாவது குரூப் அளவு சராசரியை விட்டு வழக்கமாக விலகும் அளவு, சராசரியில் சுமார் 27 சதவீதம் வருகிறது. சராசரி 18 மி.மீ. தருகிற துப்பாக்கி 13-ம் காட்டும், 23-ம் காட்டும், இரண்டுமே அதற்குச் சகஜம். தம்பியின் 20.4, 15 இரண்டும் அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரு தாளுக்கு ஒரு தாள் என்று பார்த்தால் வளையத்தைப் பற்றி அவை ஒன்றுமே சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் மூன்று குண்டுக் குரூப்பைக் காட்டுவார்கள். குண்டு எண்ணிக்கை குறைந்தால் குரூப்பும் தானாகச் சுருங்கும். பத்து சுட்டால் 19 மி.மீ. காட்டுகிற அதே துப்பாக்கி மூன்று சுட்டால் சராசரியாக 12 காட்டும். எதையும் மாட்டத் தேவையில்லை, ஏழு தோட்டா மிச்சம் பிடித்தால் போதும்.

மணியும் தறியும்

அதற்காக வளையம் சும்மா என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிடவில்லை. குழல் அதிர்வது உண்மை. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலின் ஒரு முனையை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து மறுமுனையைச் சுண்டி விளையாடியிருப்போமே, ரைஃபிள் குழலும் அதேதான். பின்முனை இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, முன்முனை காற்றில் நிற்கிறது. ஊசி தட்டும்போதும், மருந்து வெடித்து வாயு அழுத்தும்போதும் குழல் சுண்டப்படுகிறது. குண்டு வெளியேறுகிற நொடியில் குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் குண்டு போகும்.

அப்படியானால் அதிர்வை அடக்கினால் நல்லதுதானே? அங்கே நேரக் கணக்கு குறுக்கே நிற்கிறது.

எங்கள் ரைஃபிளின் குழல் 660 மி.மீ. நீளம், 22 மி.மீ. தடிமன், நேராக உருட்டின எஃகு. ஒரு பக்கம் இறுகப் பிடித்த எஃகுத் தண்டுக்கான சூத்திரத்தில் இதைப் போட்டால், முதல் வகை அதிர்வு, அதாவது முழுக் குழலும் ஒரே வளைவாக மேலும் கீழும் ஆடுவது, நொடிக்கு சுமார் 37 முறை வருகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு 27 மில்லிநொடி. .22 தோட்டாவின் குண்டு அந்தக் குழலை விட்டு வெளியேற ஏறக்குறைய 2.7 மில்லிநொடிதான் ஆகும். குழல் தன் முதல் ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட முடிப்பதற்குள் குண்டு கிளம்பிப் போய்விடுகிறது. (நிஜத்தில் பிடிப்பு அவ்வளவு இறுக்கம் இல்லை, நுனியில் வேறு எடை இருக்கும். எண்கள் கொஞ்சம் நகரும், விஷயம் மாறாது.)

கோயில் மணியை அடித்துவிட்டு உடனே கையால் பிடித்துப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிடும். ஆனால் ‘டங்’ என்ற அந்த முதல் அடி? அது ஏற்கெனவே காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரப்பர் செய்வது கை செய்கிற வேலைதான். ஆட்டம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அதன் சக்தியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பல சுற்றுகள் கிடைத்தால் நன்றாகத் தின்னும். குண்டு கேட்பதோ அந்த ‘டங்’கை மட்டும்.

எங்கள் ஊர்த் தறிக்கூடங்களில் தறியின் காலுக்கு அடியில் ரப்பர் ஷீட் போடுவோம். போட்ட அன்றே பக்கத்து வீட்டுக்காரரின் முகம் மாறும். தம்பி இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னான், “தறிக்கு வேலை செய்யுதுல்ல அண்ணா?” செய்கிறது. தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், நாள் முழுக்க, விடாமல் அடிக்கிறது. சேர்ந்துகொண்டே போகிற ஆட்டத்தை ரப்பர் தின்கிறது. துப்பாக்கி ஒரே ஒரு முறை அடித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. வில்வித்தைக்காரர்கள் வில்லில் ரப்பர் மாட்டுவதிலும் பெரும் பயன், அம்பு போன பிறகு கையில் ஏறுகிற அதிர்ச்சியும் சத்தமும் குறைவதுதான்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். குழல் முதல் வகையில் மட்டும் ஆடுவதில்லை. பாம்பு மாதிரி நெளிகிற இரண்டாம் வகை நொடிக்கு சுமார் 230 முறை, மூன்றாம் வகை 650-க்குப் பக்கம். மூன்றாம் வகைக்கு அந்த 2.7 மில்லிநொடியில் ஒன்றே முக்கால் சுற்று கிடைக்கும். ரப்பர் அதில் கொஞ்சம் கை வைக்கலாம். ஆனால் வகை ஏற ஏற ஆட்டத்தின் வீச்சு சுருங்கிவிடும். அதனால் அங்கே கிடைக்கிற லாபம் தாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வளையம் செய்கிற வேறொரு வேலை

ரப்பராக இல்லாவிட்டாலும், 75 கிராம் எடையாக அந்த வளையம் ஏதாவது செய்துதான் தீர வேண்டும். குழல் நுனியில் எடை கூடினால் ஆட்டத்தின் வேகம் குறையும், 37 என்பது 34 ஆகும். அதோடு குழல் கொஞ்சம் தலை சாயும். எஃகின் விறைப்பை வைத்து இதையும் கணக்குப் போட்டேன். 75 கிராம் நுனியில் தொங்கினால் குழல் வாய் தாழும் கோணம், 50 மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் கீழே விழுகிற அளவுக்கு வந்தது.

பிறகு நாங்கள் சுட்டபோது, வளையம் போட்ட குரூப்புகளின் மையம் வளையம் போடாததைவிட நாலு மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கியிருந்தது. இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்த முடிவு இதுதான். இரவு பத்து மணிக்குத் தாளில் போட்ட கணக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்கெட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை, எனக்கு மட்டும் மதியச் சாப்பாடு வரை சந்தோஷம்.

ஆனால் இடம் மாறுவது வேறு, நெருக்கம் மாறுவது வேறு. வளையம் மாட்டினதும் குண்டு வேறு இடத்தில் விழுவதைப் பார்த்து ‘பாத்தீங்களா, வேலை செய்யுது’ என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வேலை செய்கிறது, கேட்ட வேலையைத்தான் செய்யவில்லை.

பதிவேட்டில் இருந்த ஒரு வரி

சோதனையைத் திட்டமிட உட்கார்ந்தபோது கோச் சாரிடம் தோட்டாப் பதிவேட்டைக் கேட்டேன். அன்றைக்கு எத்தனை தோட்டா போனது என்று பார்க்கத்தான். எங்கள் பதிவேட்டில் தோட்டா கொடுக்கும்போது லாட் எண்ணையும், அதாவது ஆலையில் ஒரே தொகுப்பாகச் செய்த தோட்டாக்களுக்குப் போடுகிற எண்ணையும், எழுதுவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ, அவருக்குப் புண்ணியம்.

தம்பி அன்று இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறான். முதல் பெட்டி ஒரு லாட், பாதி காலியானது. அது தீர்ந்ததும் கொடுத்த இரண்டாவது பெட்டி வேறு லாட். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறத்து அட்டை. வளையம் இல்லாத குரூப் முதல் பெட்டியில், வளையம் போட்ட குரூப் இரண்டாவது பெட்டியில்.

.22 சுடுகிறவர்களுக்கு லாட் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. பெரிய ரைஃபிள் தோட்டாவை ஆள் தானே மருந்து அளந்து நிரப்பிக்கொள்ளலாம். .22 தோட்டாவை அப்படிச் செய்ய முடியாது. அதன் விளிம்புக்குள்ளேயே வெடிக்கும் பசை இருக்கிறது, ஆலையில் எப்படி வந்ததோ அப்படியேதான் சுட வேண்டும். ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் குணம் மாறும். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. உயர்மட்டப் போட்டியாளர்கள் தங்கள் குழலை எடுத்துக்கொண்டு ஈலி, லாபுவா மாதிரித் தோட்டாக் கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே போய், ஒவ்வொரு லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மொத்தமாக வாங்குகிறார்கள்.

இரண்டு லாட்டிலும் போதுமான பெட்டிகள் மீதம் இருந்தன. சந்தேகத்துக்கு இப்போது இரண்டு பேர் வந்துவிட்டார்கள், வளையமும் லாட்டும்.

சுட்ட விதம்

முதலில் துப்பாக்கியை ஒரு பார்வை. பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் மரக் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். கடைசி வரை தடையில்லாமல் போயிற்று, குழல் எங்கேயும் கட்டையைத் தொடவில்லை. கட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகில் பின்னாலிருப்பது கால் திருப்பு தளர்ந்திருந்தது. லைசென்ஸ்காரர் வந்து, இறுக்கத்தை அளந்து திருகுகிற டார்க் ரெஞ்சால் இரண்டையும் ஒரே அளவுக்கு இறுக்கினார். தம்பியின் முதல் தாளில் இந்தத் தளர்வுக்கும் பங்கு இருந்திருக்கலாம். திருகு தளர்ந்த துப்பாக்கி ஒரு குரூப்பை இரண்டு கொத்தாகப் பிரித்துக் காட்டும், அந்தத் தாளில் அப்படித் தெரியவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை ஆறரை முதல் எட்டு வரை. அதற்கு மேல் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலே ஏற ஆரம்பித்துவிடும். நாங்கள் கட்டி வைத்த ரிப்பன் அப்போது ஆளுக்கு ஒரு திசையைக் காட்டும். சேலத்து வெயிலில் கானல் வேறு, தொலைநோக்கியில் டார்கெட்டே நீச்சலடிக்கும்.

சுட்டது தம்பிதான், மணல் மூட்டையில் வைத்து. வளையம் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மேசைக்கு முன்னால் ஒரு அட்டைப் பெட்டியைக் குழலைச் சுற்றி, தொடாமல், நிறுத்தினோம். ஒவ்வொரு குரூப்புக்கும் முன்னால் துப்பாக்கியை காலி செய்து, அதன் தோட்டா அறையைத் திறந்து வைத்துவிட்டு, தம்பி எழுந்து பின்னால் போய்த் திரும்பி நிற்பான். கோச் சார் காசு சுண்டுவார். தலை விழுந்தால் நான் போய் வளையத்தை மாட்டுவேன். பூ விழுந்தால் மாட்டுகிற மாதிரி அதே நேரம் கையை வைத்துவிட்டு வருவேன். கடைசியில் எண்ணிக்கை சமமாக வரும்படி மட்டும் பார்த்துக்கொண்டோம். இந்த நாடகத்தைப் பார்த்து ரேஞ்சில் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் வளையம் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் ஆள் தன்னையறியாமல் கூடுதல் கவனமாக விசையை அழுத்துவான். அது மனித குணம். அதையும் வளையத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

இரண்டு ஞாயிறு. முதல் வாரம் முதல் லாட்டில் தொடங்கி இரண்டாவது லாட்டில் முடித்தோம், அடுத்த வாரம் மாற்றி. லாட் மாற்றும்போதெல்லாம் பத்துத் தோட்டா சும்மா சுட்டுக் கழித்தோம். ஒவ்வொரு லாட்டின் மெழுகுப் பூச்சும் குழலுக்குள் படிந்து நிலைக்கக் கொஞ்சம் சுட வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஐந்து குண்டுக் குரூப் ஆறு. மொத்தம் 24 தாள், 120 தோட்டா, கழித்தது தனி.

தாள்கள் சொன்னது

எல்லாத் தாளையும் நான் ஒருவனே, ஒரே வெர்னியரில், பின்னால் எழுதியிருந்த குறியைப் பார்க்காமல் அளந்தேன்.

முதல் லாட்டில் வளையம் இல்லாமல் சராசரி 20.8 மி.மீ., வளையத்தோடு 20.1. இரண்டாவது லாட்டில் வளையம் இல்லாமல் 15.9, வளையத்தோடு 16.4. ஒன்றில் வளையம் ஒரு மயிரிழை நல்லது, இன்னொன்றில் ஒரு மயிரிழை மோசம். இரண்டையும் சேர்த்தால் வளையம் இல்லாமல் 18.35, வளையத்தோடு 18.25. பத்தில் ஒரு மில்லிமீட்டர். என் வெர்னியர் கிழிந்த தாளில் அதைவிட அதிகமாகத் தடுமாறும்.

லாட்டுக்கு லாட் பார்த்தால் கதை வேறு. வளையத்தை மறந்துவிட்டு லாட் வாரியாகச் சேர்த்தால் 20.45-க்கு எதிரே 16.15. பக்கத்துக்குப் பன்னிரண்டு குரூப் இருப்பதால், இந்த இடைவெளி வெறும் அதிர்ஷ்டத்தால் வருவது கடினம். முதல் லாட்டின் தாள்களை வரிசையாக ஒட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. குரூப்புகள் அகலத்தைவிட உயரமாக, நெட்டையாக இருந்தன. தெரிந்தவரிடம் வேகமானி இரவல் வாங்கி ஒவ்வொரு லாட்டிலும் பத்துத் தோட்டா சுட்டோம். முதல் லாட்டில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் நொடிக்கு 19 மீட்டர் வித்தியாசம். இரண்டாவதில் 9.

நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிற குண்டு 50 மீட்டர் போய்ச் சேருவதற்குள் 12 சென்டிமீட்டருக்குமேல் கீழே விழும். அதில் 10 மீட்டர் வேகம் குறைந்தால் இன்னும் 8 மி.மீ. கூடுதலாக விழும். 19 மீட்டர் என்றால் 15 மில்லிக்கு மேல். நெட்டைக் குரூப்புக்குக் காரணம் குழலில் இல்லை, பெட்டியில் இருந்தது.

மெதுவான குண்டுக்கு ஒரு தூக்கு

இந்த இடத்தில் கோச் சார் ஒரு விஷயத்தைக் கிளப்பினார். “பழைய .303 கிட்டத்துல சுமாராத்தான் இருக்கும், தூரத்துல நல்லா கூடும்னு எங்க உஸ்தாத் சொல்லுவாரு. அது எப்படி?”

அந்த .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைப் பற்றி நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லப்படுகிற விஷயம் இது, கதை இல்லை. மெதுவான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கும். அந்த நேரத்தில் குழல் வாய் மேல்நோக்கி எழும்பிக்கொண்டிருந்தால், மெதுவான குண்டு கொஞ்சம் உயர்ந்த கோணத்தில் கிளம்பும். அது கூடுதலாக விழப்போகிற அளவும், கூடுதலாக ஏறிக் கிளம்புகிற அளவும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சமமாகிவிடும். அந்தத் தூரத்தில் வேக வித்தியாசம் தாளில் தெரியாது. .303-ன் குழலும் அதன் பின்பக்கத்தை மூடுகிற அடைப்பும் வளைந்து கொடுத்த விதம் இந்த ஈடுகட்டலைத் தூரத்துக்குப் பொருந்தும்படி வைத்திருந்தது. ஆக, அதிர்வு இங்கே எதிரியே இல்லை. அதை அடக்க நினைப்பவர் இந்த உதவியையும் சேர்த்து அடக்கப் பார்க்கிறார்.

குழல் நுனியில் எடையை முன்னும் பின்னும் நகர்த்துகிற திருகு வகைக் கருவிகள் பிடிக்க நினைப்பது இந்த ஈடுகட்டலைத்தான். பிரவுனிங் கம்பெனி 1990-களில் பாஸ் என்ற பெயரில் வேட்டை ரைஃபிள்களிலேயே இதை வைத்து விற்றது. மேசையில் வைத்து .22 சுடும் போட்டிக்காரர்களிடம் இன்றைக்கும் இது பரவலாக இருக்கிறது. எங்கள் துப்பாக்கிக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தேன். 10 மீட்டர் வேகக் குறைவை ஈடுகட்ட, நொடியில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் குழல் வாய், 50 மீட்டரில் 8 மி.மீ. வருகிற கோணத்துக்கு எழும்ப வேண்டும். 100 மீட்டர் என்றால் இரட்டிப்புக் கோணம். 50-க்கு முறுக்கி வைத்தது 100-க்கு உதவாது.

ஆசை யாரை விட்டது? பித்தளையில் 200 கிராமுக்கு ஒரு எடை கடைந்தேன். குழலைக் கவ்வும் ஒரு காலர், அதன்மேல், ஒரு திருப்புக்கு ஒரு மில்லி நகருகிற மரையில் ஓடும் உருளை. குழலில் ஒரு கீறல்கூட விழாமல் மாட்டிக் கழற்றலாம். வேலைப்பாடு நன்றாகவே வந்திருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். மூன்றாவது ஞாயிறு அரைத் திருப்பு வீதம் பத்து நிலை, நிலைக்கு ஒரு குரூப், நல்ல லாட்டில். நான்காவது நிலையில் 9.5 மி.மீ. எட்டாவதில் 23. தம்பி குதித்தான். “நாலுதான் அண்ணா, பூட்டிடுங்க!”

பூட்டவில்லை. அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு அதே பத்து நிலையையும் மறுபடி சுடச் சொன்னேன். நான்காவது நிலை 19. எட்டாவது 14. இந்த முறை ஆறாவது நிலை ராஜாவாக இருந்தது.

சராசரி 16 தருகிற துப்பாக்கியில் எதையும் மாற்றாமல் பத்துக் குரூப் சுட்டாலே, நல்லதுக்கும் மோசமானதுக்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி விழும் என்றுதான் அந்த 27 சதவீதக் கணக்கு சொல்கிறது. 9.5-ம் 23-ம் அதற்குள்ளேயே அடக்கம். பத்து நிலையில் ஒன்று முதலிடம் வந்தே தீரும், பத்துச் சீட்டுக் குலுக்கினால் ஒரு பெயர் வருகிற மாதிரி. அந்த நிலை நிஜமா என்று தெரிய, நிலைக்கு ஒன்று போதாது, எட்டோ பத்தோ குரூப் வேண்டும். ஐநூறு தோட்டா. கிளப் கணக்குப்பிள்ளையிடம் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே திருகு எடையைப் பற்றி என் நிலை இதுதான்: கொள்கை சரி, வேக வித்தியாசம் அதிகமான தோட்டாவில் நிலையான தூரத்தில் பலன் இருக்க இடம் உண்டு, எங்கள் இருபது தாளை வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரப்பர் வளையத்துக்குப் போடுவேன். எங்கள் ரைஃபிளில், மேசையில், 50 மீட்டரில், அது குரூப்பைச் சுருக்கவில்லை.

அப்புறம் நடந்தது

வளையம் வார்க்கிற ஆர்டர் நின்றது. கோச் சார் இனிமேல் தோட்டா வாங்கினால் மூன்று லாட்டில் இரண்டிரண்டு பெட்டி முதலில் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த லாட்டில் மொத்தமாக எடுப்பது என்று முடிவு செய்தார். கட்டைத் திருகுகளை மாதம் ஒரு முறை டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும் என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

தம்பி வளையத்தைக் கழற்றவில்லை. படுத்துச் சுடும்போது நுனியில் கொஞ்சம் எடை இருந்தால் குழல் ஆடுவது நிதானமாகிறது என்கிறான். அது இருக்கலாம். போட்டியாளர்கள் சமநிலைக்காகக் குழலில் எடை மாட்டுவது பழைய வழக்கம், மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்ட எங்கள் சோதனைக்கு அதைப் பற்றிப் பேச உரிமை இல்லை. நாலு மில்லி கீழே இறங்குவதற்குத் தொலைநோக்கியை மட்டும் திருத்திக்கொண்டான். என் பித்தளை எடை பட்டறை மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

போன வாரம் வந்து, நல்ல லாட்டில் இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேட்டான். ஏழு. “அப்போ திருகு எடையில அந்த ஆறாவது நிலைய மட்டும் இன்னொரு தடவ...” என்று ஆரம்பித்தான். மாவட்டப் போட்டி முடிகிற வரைக்கும் அந்த ஏழு பெட்டியைத் தொட்டால் கோச் சார் உன்னைத் தொலைத்துவிடுவார் என்று சொல்லி அனுப்பினேன்.